கவலைப்படத் தெரியாத அண்ணன்

1

ஜெர்மனிக்கு வந்து பதினோரு வருடம் நிறைந்த வாரத்தில் ஒரு குட்டிச் சொல்லை விட்டுவிட்டு மாட்டிக்கொண்டேன். தூக்கம் சரியாக வரவில்லை என்று எங்கள் பகுதி மருத்துவரிடம் போயிருந்தேன். என்ன தொந்தரவு என்று கேட்டார். "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு ஜெர்மனில் ஒரு வாக்கியம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "யாருக்கு?" என்றார்.

வெளியே வந்ததும் கூட வந்திருந்த மகள் நிலா விளக்கினாள். இவர்கள் மொழியில் ஒருவர் கவலைப்படுவதில்லையாம், தனக்குத் தானே கவலையைச் செய்துகொள்கிறாராம். அந்தத் 'தனக்கு' என்ற சொல்லை நான் விழுங்கிவிட்டேன். அது போய்விட்டால் 'நான் மற்றவர்களுக்குக் கவலை கொடுக்கிறேன்' என்று ஆகிவிடுமாம்.

"நீ சொன்னதும் கரெக்டுதான்மா," என்று சொல்லிவிட்டு இயர்போனைக் காதில் செருகிக்கொண்டாள். பதினைந்து வயது. எனக்கு வலித்தது அவளுக்குத் தெரிந்திருக்காது.

டிராமில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். நாம் கவலைப்படுகிறோம். வெயில் படுகிற மாதிரி, அடி படுகிற மாதிரி, அதுவும் எங்கிருந்தோ வந்து நம் மேல் படுகிறது. நம் கையில் ஒன்றும் இல்லை. இவர்களோ அதை வீட்டிலேயே இட்லி மாதிரி செய்துகொள்கிறார்கள். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. போன வருடம் என் அண்ணனுக்கு நடந்ததை நினைத்தால் இரண்டுமே பாதிதான் சரி என்று தோன்றுகிறது. ஊரில் இருப்பவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது. அண்ணனிடம் கேட்டேன். "எழுதிக்கோ, இன்னா இப்ப," என்றான்.

2

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை, எங்கள் வீட்டில் எல்லோரும் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். போன் அடித்து எடுக்காவிட்டால் விபத்து. அரசாங்க முத்திரை போட்ட உறை தபால்பெட்டியில் கிடந்தால் நாடு கடத்தல். நிலாவின் டிராம் தாமதமானால் நான் ஜன்னலில் நிற்பேன், என் கணவர் பிரகாஷ் டீ போட்டு வந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போவார். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கேகூட அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பிப் போனது உண்டு. எல்லாக் கவலையையும் நான் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். கேட்பதற்கு ஆள் இருந்தால் போதும்.

என் அண்ணன் குமரேசன் இதற்கு நேர் எதிர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எங்கள் ஊரான பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் நிலம் கம்பெனிகளுக்காக எடுக்கப்பட்டபோது அப்பா சாப்பிடாமல் கிடந்தார். அண்ணன், "வுடுப்பா, நெலம் போனா வேல வரும்," என்று சொல்லிவிட்டு சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தான். அதேபோல வேலையும் வந்தது. சுங்குவார்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் சாதாரண ஆளாகச் சேர்ந்து, இருபது வருடத்துக்குப் பக்கமாக அங்கேயே இருந்து, லைன் சூப்பர்வைசராக ஆகிவிட்டான். அப்பா போனபோதும், பின்னால் அம்மா போனபோதும் வந்தவர்களுக்குக் காபி கொடுத்து, வண்டி பேசி, எல்லாம் அவன்தான். கண் கலங்கி யாரும் பார்த்ததில்லை. நான் இங்கிருந்து போன் செய்து எதையாவது சொல்லி அழுதால், "இதுக்கா? பாத்துக்கலாம் வுடு," என்பான். வைத்த பிறகு எனக்கு நன்றாகத் தூக்கம் வரும்.

கவலைப்படத் தெரியாதவன் என்று அவனுக்கு வீட்டில் பெயர். வரம் வாங்கி வந்தவன் என்று நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

3

போன வருடம் கத்திரி வெயில் சமயம். சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது அண்ணி போன் செய்தாள். வேலை நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள்.

"கஸ்தூரி, நீ மொதல்ல பதறாத."

இப்படி ஆரம்பித்தால் யார்தான் பதறாமல் இருப்பார்கள்.

"உங்க அண்ணனுக்கு நெஞ்சு வலி. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பாண்ட எறங்கி டீக்கடையில ஒக்காந்தவரு எழுந்துக்கவே முடியலயாம். வேர்த்துக் கொட்டிச்சாம். கை ரெண்டும் இழுத்துக்கிச்சாம். கடைக்காரருதான் ஆட்டோ வெச்சு ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கீறாரு. நா இப்ப அங்கதான் கீறேன்."

"பேசறானா?"

"பேசறாரு. 'ஒண்ணும் இல்ல, வூட்டுக்குப் போலாம்'ங்கிறாரு."

ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், மறுநாள் எக்கோ எடுத்தார்கள், டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். இருதயம் சுத்தமாக இருந்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டிருந்தேன். இங்கே தேங்காய் உடைக்க இடம் ஏது, பால்கனியில் உடைத்தேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்ன சத்தம் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் மறுபடி வந்தது, இந்த முறை கம்பெனி வாசலில். அதற்கடுத்து கம்பெனி பஸ்ஸிலேயே. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி நடுரோட்டில் இறங்கிவிட்டான். பின்னால் வந்த லாரி உரசாமல் போனது அதிர்ஷ்டம். மறுபடி எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். மறுபடி ஒன்றும் இல்லை. கடைசியில் அங்கிருந்த ஒரு டாக்டரம்மா அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, இது பயத்தால் வருகிறது, மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

"பயமா? இவுருக்கா?" என்று அண்ணி கேட்டாளாம். எனக்குப் போனில் சொல்லும்போதும் அதே குரலில்தான் கேட்டாள். "கஸ்தூரி, உனுக்குன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்."

4

உடனே கிளம்ப முடியவில்லை. என் குடியிருப்பு அட்டை காலாவதியாகியிருந்தது, புதுப்பிக்கக் கொடுத்த மனு எங்கோ ஒரு மேசையில் இருந்தது. அதுவரை பயணம் போய்வர ஒரு தற்காலிகச் சான்றிதழ் தருவார்கள். அதன் ஜெர்மன் பெயரை அப்படியே தமிழாக்கினால் 'கற்பனைச் சான்றிதழ்'. உங்கள் அனுமதி இன்னும் உயிரோடு இருப்பதாக நாங்கள் கற்பனை செய்துகொள்கிறோம் என்று அரசாங்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறது. அதற்கு முன்பதிவு செய்ய வேண்டும், முன்பதிவுப் பக்கத்தில் எப்போது பார்த்தாலும் இடமே இல்லை. தினமும் காலையில் அந்த அலுவலக வரிசையில் போய் நின்றேன். சன்னலுக்குப் பின்னால் இருந்த பெண், அவசரத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டாள்.

"அண்ணனுக்கு உடம்பு சரியில்லை."

"என்ன நோய்?"

என்ன சொல்வது? இருதயம் என்று சொன்னால் பொய். பயம் என்று சொன்னால் அதற்காக விமானம் ஏறுவார்களா? "அவனுக்குக் கவலை" என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, அடுத்த வாரத்தில் ஒரு நேரம் எழுதிக் கொடுத்தாள்.

நிலா வரவில்லை. பரீட்சை இருக்கிறது என்றாள். ஊருக்கு வருவதற்கு அவளுக்கு எப்போதும் ஏதாவது ஒரு பரீட்சை இருக்கும்.

5

அண்ணன் விமான நிலையத்துக்கு வரவில்லை. அவன் வராதது அதுதான் முதல் தடவை. அண்ணிதான் ஒரு வாடகைக் காருடன் நின்றிருந்தாள்.

வீட்டில் எல்லாம் பளபளவென்று இருந்தது. அண்ணிக்குக் கவலை வந்தால் தரையைத் தேய்ப்பாள். பித்தளைப் பாத்திரங்கள் கண்ணைப் பறித்தன. பிள்ளைகள் இருவரும் கல்லூரி விடுதியில் இருந்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்திலும் கம்பெனியிலும் முதுகு வலி என்று சொல்லி வைத்திருந்தாள். "பயம்னு சொன்னா இன்னா நெனப்பாங்க? ஆம்பளைக்கு?" என்றாள். வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டுதல், கழுத்தில் மந்திரித்த கயிறு, மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரை, மூன்றும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தன. மாத்திரையை மட்டும் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

அண்ணன் இளைத்திருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். அதே பழைய சிரிப்புதான், ஆனால் கொஞ்சம் தாமதமாக வந்தது.

"எதுக்கு அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்த? ஒண்ணும் இல்ல எனுக்கு."

அவன் குளிக்கப் போனதும் அண்ணி என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "கேளு," என்றாள். குளியலறையில் குழாய் கொட்டுகிற சத்தம் கேட்டது. வாளி நிரம்பி வழிகிற சத்தம். தண்ணீர் மேலே விழுகிற சத்தம் இல்லை.

"குளிக்கல. ஒக்காந்துகினு இருப்பாரு. டேங்க்கு காலியாவற வரிக்கும். ரெண்டு மூணு வருஷமாவே இப்படித்தான். வெயிலுக்குக் குளிக்கிறாருன்னு நெனச்சுகினு இருந்தேன். முட்டாளு நான்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள்.

அன்று சாப்பிட்டு முடித்த பிறகு அண்ணன் மெதுவாகச் சொன்னான்: "ஒரு அடைப்பு கீதுன்னு சொல்லியிருந்தாங்கன்னாகூட தேவல கஸ்தூரி. ஸ்டென்ட் வெச்சுகினு வேலைக்குப் போயிருப்பேன். எங்க பிளான்ட்ல நாலு பேரு அப்படி கீறாங்க, அவங்களுக்கு மரியாத கூட கீது. எனுக்கு இன்னா சொல்றது? மெஷினு நல்லா கீது, ஆனா ஓட மாட்டேங்குதுன்னா?"

அவனுக்கு ஒரு அடைப்பு இருந்திருக்கலாமே என்று எனக்கும் ஒரு நிமிடம் தோன்றிவிட்டது. தங்கை அப்படி நினைக்கலாமா? ஆனால் அந்த நேரத்தில் நாங்கள் இரண்டு பேருமே அதைத்தான் நினைத்தோம்.

6

மருத்துவர் ஒரு வேலை கொடுத்திருந்தார். பஸ்ஸில் ஏற வேண்டாம், வேலைக்குப் போக வேண்டாம், கம்பெனி பஸ் வருகிற நேரத்துக்கு எங்கள் ஊர் ஸ்டாப்புக்குப் போய் நின்றுவிட்டு வந்தால் போதும். அண்ணியோடு போக அவனுக்கு வெட்கம். என்னோடு வந்தான்.

இரண்டாம் ஷிப்ட் பஸ்ஸுக்கு மதியம் நிற்க வேண்டும். தார் உருகுகிற வெயில். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, டிபன் பையோடு பையன்களும் பெண்களும் ஒரு புங்கமரத்து நிழலை நெருக்கிப் பங்கிட்டுக்கொண்டு நிற்பார்கள். கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் தரை அதிரும். அண்ணன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருப்பான். பஸ் தூரத்தில் தெரிந்ததும் அவன் மூச்சு மாறுவது எனக்குக் கேட்கும். எனக்கு அந்த மூச்சு நன்றாகத் தெரியும். சிறு வயதிலிருந்து என்னுடைய மூச்சு அது.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, பஸ் போன பிறகு மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"நீ எப்பிடிடி இவ்ளோ வருஷமா இத்த வெச்சுகினு வாழ்ற?" என்று கேட்டான்.

கேலி செய்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் முகத்தில் கேலி இல்லை.

"தெரியலண்ணா. யார்கிட்டயாவது சொல்லிடுவேன். சொன்னா கொஞ்சம் எறங்கும். அப்பறம் மறுபடி ஏறும். மறுபடி சொல்லுவேன்."

"நீ சொல்றதத்தான் நாங்கள்லாம் சிரிச்சுகினு இருந்தோம்."

"ஆமா."

செருப்பால் மண்ணைக் கிளறினான். "அப்பாவுக்கு மொத தடவ ரத்த வாந்தி வந்துச்சே, ஞாபகம் கீதா? நீ ரூமுக்குள்ள கதவ சாத்திகினு அழுவுற. எனுக்கும் அழுகையா வந்துச்சு. சமையக்கட்டுல போய் நின்னேன். அம்மா பாத்துட்டு, 'ஏண்டா, வூட்டுக்கு ஒரு அழுமூஞ்சி போதும், நீயுமா'ன்னாங்க. திட்டல. கெஞ்சற மாதிரி சொன்னாங்க. செரின்னு மூஞ்சி கழுவிகினு வெளிய வந்தேன். அத்தோட முடிஞ்சுது."

தண்ணீர் பாட்டிலை அவனிடம் நீட்டினேன்.

"பயம் இல்லாம இல்ல கஸ்தூரி. லைன்ல ஒரு சின்னப் பொண்ணு கைய மெஷினுக்குள்ள வுட்டுட்டா இன்னா பண்றது, டார்கெட்டு முடிக்கலன்னா யார வூட்டுக்கு அனுப்புவாங்க, பசங்க படிச்சுட்டு இன்னா பண்ணும், எல்லாம் ஓடும். ஆனா உன்னியும் உங்க அண்ணியையும் பாத்தா வாயி தானா 'வுடு'ன்னுடும். நீங்க ஆளாளுக்கு பயந்துகினு இருந்தீங்க. நா எப்ப பயப்படறது?"

சிலர் கவலைப்படப் பிறந்தவர்கள், சிலர் தைரியசாலிகள் என்றுதான் இத்தனை வருடமாக நம்பியிருந்தேன். அவரவர் சுபாவம், அவரவர் தலையெழுத்து. அன்று அந்தப் புங்கமரத்தடியில் எனக்குத் தோன்றியது வேறு. ஒரு வீட்டில் கவலை எல்லோருக்கும் பொதுவாகத்தான் வருகிறது. சத்தமாக அழுகிறவள் தாழ்வாரத்தைப் பிடித்துக்கொள்கிறாள். தேய்க்கிறவள் சமையலறையைப் பிடித்துக்கொள்கிறாள். மிச்சமிருப்பவனுக்கு நிற்க இடம் இல்லாமல் போனால், அவன் சிரித்தபடி வாசலில் நிற்கிறான். வருகிறவர்கள் எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்து, இந்த வீட்டில் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மறுநாள் ஸ்டாப்பில் ஒரு பெண் அண்ணனை அடையாளம் கண்டுகொண்டாள். அவன் லைனில் வேலை செய்கிறவள், விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து சுங்குவார்சத்திரத்தில் விடுதியில் தங்கியிருப்பவள். அன்று பிள்ளைப்பாக்கத்தில் தோழி வீட்டிலிருந்து கிளம்பியிருந்தாளாம்.

"சார், எப்ப வாரீக? முதுகுவலின்னாக, தேவலையா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு அவளிடம், "முதுகு வலி இல்லம்மா. பயமா இருக்கு. பஸ்ல ஏறுனா மூச்சு முட்டுது. அதான் வரல," என்றான். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அப்படியா சார்," என்றாள். பிறகு, "எனக்குப் புதுசுல அப்படித்தேன் இருந்துச்சு. ஹாஸ்டல் கேட்டப் பூட்டுனாகன்னா நெஞ்சு அடைக்கும். வார்டன்ட்ட சொன்னா ஊருக்கு அனுப்பிருவாகன்னு சொல்லவே இல்ல," என்றாள். பஸ் வந்தது. ஏறிப் போய் ஜன்னலிலிருந்து கையசைத்தாள். அண்ணன் ஏறவில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது வழியில் நின்று கரும்புச்சாறு குடித்தான்.

7

கதை இங்கே நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும், அவன் ஒருநாள் துணிந்து பஸ்ஸில் ஏற, நான் கண்ணீரோடு பார்த்து நிற்க. அப்படி நடக்கவில்லை. என் விடுமுறை முடிந்து நான் கிளம்புகிற வரை அவன் ஏறவே இல்லை. விமானத்தில் எனக்குத் தோல்வி அடைந்த மாதிரி இருந்தது.

ஏறியது பிறகுதான், ஆடி மாதத்தில் ஏதோ ஒரு நாள். அண்ணிக்குக்கூடச் சொல்லாமல் போயிருக்கிறான். பாதியில் இறங்கிவிட்டான். இன்னொரு நாள் வாசல் வரை போனான். உள்ளே போக இன்னும் பல நாள் ஆனது. லைனை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். அண்ணனே கேட்டு ஸ்டோர்ஸுக்கு மாறிக்கொண்டான். அவனுக்குக் கீழே வேலை பார்த்தவன் இப்போது அவனிடம் நட்டும் போல்ட்டும் கேட்டு வாங்கிப் போகிறான். சிலர் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். மாத்திரை தொடர்கிறது. நல்ல வாரமும் உண்டு, கெட்ட வாரமும் உண்டு. அண்ணி மாத்திரையை இப்போது டிவி மேசையில் வைத்திருக்கிறாள். அது அவளுக்குச் சாதாரண விஷயம் இல்லை.

அவன் இப்போது எனக்குப் போன் செய்து கவலைகளைச் சொல்கிறான். எவ்வளவு கவலைகள்! இத்தனை வருடத்துக் கிஸ்தியையும் சேர்த்துக் கட்டுகிறானோ என்று தோன்றும். மழை வந்தால் ஏரி உடையுமா, ஸ்டோர்ஸில் கணக்கு தப்புமா, நான் இங்கே பனியில் வழுக்கி விழுவேனா. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போகிறது, உண்மையைச் சொன்னால். என்னைச் சகித்துக்கொண்டவர்கள் எவ்வளவு பொறுமைசாலிகள் என்று இப்போதுதான் தெரிகிறது. 'பாத்துக்கலாம் வுடு' என்று நாக்கு நுனி வரை வரும். சொல்வதில்லை. "அப்பறம்?" என்று கேட்பேன்.

8

மருத்துவரிடம் போய்வந்த அன்று மாலை நிலா சமையலறை மேசையில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமா எப்படி இருக்கிறார் என்று அவளாகவே கேட்டாள். எப்போதும் நல்லா இருக்கார் என்றுதான் சொல்வேன். அன்று அலுப்பாக இருந்தது. நடந்ததை நடந்தபடியே சொன்னேன், டீக்கடை, பஸ், குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தது, எல்லாம். என் குழந்தைக்கு அவ்வளவு தமிழ் புரியுமா என்று யோசிக்கவில்லை.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்கும் அப்படி வரும்மா. ஸ்கூல்ல. கிளாஸ் முன்னாடி நின்னு பேசணும்னா. வயித்துல ஆரம்பிக்கும். அப்பறம் கை."

"எப்போலேர்ந்து?"

"தெரியல. போன வருஷம். அதுக்கு முன்னாடியும்."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அழுவ. அப்பறம் நான்தான் உன்ன சமாதானப்படுத்தணும்."

எப்படி இருக்கே என்று கேட்டால் எல்லாம் ஓகே என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போகிற பெண். ஜெர்மன் பிள்ளையாக மாறிவிட்டாள், நம்மிடமிருந்து விலகிவிட்டாள் என்று ஊரில் எல்லோரிடமும் புலம்பியிருக்கிறேன். இந்த வீட்டு வாசலில் சிரித்துக்கொண்டு நின்றது யார் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

அழப்போகிறேன் என்று தெரிந்தது. அடுப்பில் குக்கர் இருந்தது, எழுந்து போய் அணைத்தேன். திரும்பி வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"கை எப்படி ஆகும்? சொல்லு."

அவள் தமிழில் ஆரம்பித்தாள். சொல் கிடைக்காத இடத்தில் ஜெர்மனுக்குப் போனாள், கொஞ்ச தூரம் வேகமாக ஓடினாள், மறுபடி தமிழுக்கு வந்தாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. நிறுத்தி அர்த்தம் கேட்கவில்லை. பிரகாஷ் வேலையிலிருந்து வந்து கதவருகே நின்று பார்த்துவிட்டு, செருப்பைக்கூடச் சத்தம் இல்லாமல் கழற்றினார். அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.